லண்டன், பாரிஸ், இஞ்சம்பாக்கம்

நம் நாட்டுச் சித்திரகாரர் ஒருவருடைய படங்கள் லண்டனிலோ பாரிஸிலோ காட்சிக்கு வைக்கப்பட்டன என்று தந்தி வந்தால், பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. வாசகர்களும் மகிழ்ந்து போகிறார்கள். அந்தப் படத்தில் என்ன இருந்தது, அது நல்ல படந்தானா, அதை வரைந்தவர் எங்கே குடியிருக்கிறார், எதைக் கொண்டு ஜீவனம் செய்கிறார் என்று கேட்பவர் யாருமில்லை. நமது காரியாலயமும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இங்கிலீஷ் படிப்பு நமக்குக் கொண்டுவந்து சேர்த்த வியாதிகளில் இதுவும் ஒன்று. 1913-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தார் பரிசு கொடுத்த பிறகு, கல்கத்தாவாசிகள் ஒரு கூட்டமாக ரயிலேறிச் சாந்திநிகேதனத்துக்குப் போய் ரவீந்திரநாத் தாகூரைப் பாராட்டினார்கள். அவரோ அந்தப் பாராட்டை முழு மனத்தோடு ஏற்க இயலாதென்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று வங்காளிகளுக்கு ஏற்பட்ட வெட்கம் நமக்கு இன்னும் ஏற்படவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் நண்பர் இருவரோடும் ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் பேசித் திரியும் தேசத் தொண்டர் ஒருவரோடும் மாமல்லபுரம் போவதாகப் புறப்பட்டோம். வழியில் இஞ்சம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். “இங்கே என்ன இருக்கிறது?” என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். மூவரும் படித்தவர்கள். இந்தச் சாலையில் நூறு தடவையாவது போய் வந்தவர்கள். சாலையோரத்தில், மரங்களுக்கு நடுவே, சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலிருந்து இருந்து வருகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

கிராமத்தை ஸ்தாபித்தவர் ஸ்ரீ கே. ஸி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயமுத்தூரில் பிறந்தவர். குடும்பம் மலையாளத்தைச் சேர்ந்தது. அப்படியானால் அவர் நம்மவரா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னையில் படித்து, சென்னையில் உழைத்து, ஒரு தலைமுறைச் சித்திரகாரர்களை இங்கேயே உருவாக்கி, செங்கற்பட்டு ஜில்லாவின் மணலில் வீடு கட்டிக்கொண்ட ஒருவரை நம்மவரல்லர் என்று தள்ளினால், நம்மவர் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுபவர் மிகச் சிலரே ஆவர். தகப்பனாரை இழந்து பதினெட்டு வயதில் தந்தி இலாகாவில் உத்தியோகத்துக்குப் போனவர் அவர். மாதச் சம்பளத்தின் அருமை தெரியாதவரல்லர். ஆயினும் 1936-இல் அந்த வேலையை உதறிவிட்டு, எழும்பூரிலுள்ள அரசாங்கச் சித்திரப் பள்ளியில், வங்கத்துச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌதுரியிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1850-இல் டாக்டர் ஹண்டர் என்னும் வெள்ளைக்காரர் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவர் ராய் சௌதுரி. 1957-இல் அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர் பணிக்கர். இடையில் 1944-இல், முற்போக்குச் சித்திரகாரர் சங்கம் ஒன்றைச் சென்னையில் ஏற்படுத்தி, ஊர் ஊராகக் கண்காட்சிகள் நடத்தினார்.

1954-ஆம் வருஷத்தில் அவருடைய படங்கள் லண்டனிலும் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. சாதாரணமாக ஒரு சித்திரகாரருடைய சரித்திரம் இந்த இடத்தில் ‘பிரசித்தியடைந்தார்’ என்று முடிந்துவிடும். பணிக்கருடைய சரித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. அதுவரையில் அவர் வரைந்த நீர்வர்ணப் படங்கள், தென்னஞ்சோலையும் கால்வாயுமாக, ஐரோப்பியரின் முறையை நன்றாகக் கற்ற ஒருவருடைய படங்கள். அந்த முறையின் தாய்வீட்டுக்கே போனபோது அவர் கண்டது வேறு. ஸால்வடார் டாலி என்னும் ஸ்பானிஷ் சித்திரகாரர், சிலுவையிலிருக்கும் ஏசுவை உச்சியிலிருந்து நோக்குவது போல் வரைந்த படம் உலகப் பிரசித்தமானது. அதைக் கண்டு தம் மனம் ஒவ்வாமல் திமிறியதென்றும், இந்தியன் ஒருவன் ஏசுவைப் பார்க்கும் பார்வை அதுவல்லவென்றும் பணிக்கர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவைப் பழித்துப் பேசியவரல்லர் அவர். அங்கிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தயங்கியவருமல்லர். ஆனால், கடன் வாங்கிய சொத்தை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவன் வீட்டிலேயே கடை விரிப்பதில் பெருமை இல்லை என்பது அவருக்கு அங்கேதான் விளங்கியதென்று நமக்குப் படுகிறது. நம்முடைய பாஷையில் சொன்னால், அந்தப் பிரயாணத்தில் அவர் கொண்டுவந்தது நற்சாட்சிப் பத்திரமன்று, ஒரு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஒன்பது வருஷம் பிடித்தது. 1963-இன் தொடக்கத்தில், மாணவன் ஒருவனுடைய கணக்கு நோட்டுப் புஸ்தகம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. எண்களும், பீஜகணித எழுத்துக்களும், க்ஷேத்திர கணிதக் கோடுகளும் தாளை நிரப்பியிருந்த விதம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்தது ‘சொற்களும் சின்னங்களும்’ என்று பெயர் பெற்ற படவரிசை. கட்டங்கள், வட்டங்கள், ஜாதகச் சக்கரம் போன்ற பகுப்புக்கள், பாம்பு, மீன், பறவை. இவற்றின் இடையிடையே பொடிப்பொடியாக வரி வரியாய் எழுத்துக்கள். தூரத்தில் நின்று பார்த்தால் ஏட்டுச் சுவடி. கிட்டே போனால் மலையாள எழுத்தின் சாயல். படிக்கலாம் என்று தொடங்கினால் வார்த்தை கூடுவதில்லை.

நம்முடன் வந்த வக்கீல் நண்பர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது யாருடைய ஜாதகம் ஐயா?” என்று கேட்டார். பரிகாசமாகத்தான் கேட்டார். ஆனால் கால்மணி நேரம் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. படிக்கக் கூடாத எழுத்தை எதிரில் வைத்தால், எழுத்தின் உருவத்தை முதல் தடவையாகப் பார்க்கத் தொடங்குகிறான். நம் பாட்டிமார்கள், எழுத்தறியாதவர்கள், வீட்டு ஏடுகளை மஞ்சள் குங்குமமிட்டுப் பூஜித்தபோது எதைக் கண்டார்களோ அதையே நாமும் காண்கிறோம். பாட்டன் பத்திரத்தையும் ஜாதகத்தையும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் இந்தப் படங்கள் அந்நியமல்ல. பாரிஸ்காரருக்கு இது விநோதமான ஒரு கோலமாகத் தோன்றியிருக்கும். நமக்கு இது வீட்டுச் சாமான். அப்படியிருக்க, அவர்கள் பார்த்து நாம் பார்க்கவில்லையென்றால், நஷ்டம் யாருக்கு?

இனி ஜீவனத்தின் கதைக்கு வருவோம். தேசத் தொண்டர்கள் இதைக் கவனித்து வாசிக்க வேண்டுமென்று கோருகிறோம்.

1960-களின் தொடக்கத்தில் சித்திரப் பள்ளியில் படித்துத் தேறிய இளைஞர்களுக்கு முன்னே இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, விளம்பரக் கம்பெனியிலோ நெசவாலையிலோ சொன்னதை வரையும் உத்தியோகம். மற்றொன்று, பட்டினி. படத்தை விலைக்கு வாங்கும் வழக்கம் சென்னையில் மிக அரிது. பணிக்கர் தம் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி மூன்றாவது வழி ஒன்றை யோசித்தார். பகலிலோ இரவிலோ சில மணி நேரம் கைத்தொழில் செய்வது; மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை, பீங்கான் வேலை; அதில் வரும் வருமானத்தில் சாப்பிட்டு, மிச்ச நேரத்தில் யாருடைய தயவையும் எதிர்பாராமல் தன் மனம் சொல்லும் படத்தை வரைவது. இதற்காகவே ஓவியர் கைத்தொழில் சங்கம் ஒன்று ஏற்பட்டது. சாமான்கள் விலை போயின. அந்தப் பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே, செம்படவர் குப்பங்களுக்கு அருகில், ஒருவருக்கும் வேண்டாமற் கிடந்த மணல் நிலத்தில் எட்டுப் பத்து ஏக்கர் வாங்கினார்கள். சர்க்கார் மானியத்துக்குக் காத்திருக்கவில்லை. ஜமீன்தார் வீட்டு வாசலில் நிற்கவுமில்லை. முப்பது நாற்பது பேர் அங்கே மனை பிரித்துக்கொண்டு, குடிசையென்றும் கொட்டகையென்றும் தொடங்கி, வீடு கட்டிக்கொண்டார்கள். சர்க்கார் பள்ளியின் தலைவராக இருந்துகொண்டே, சர்க்காரை நம்பாத ஒரு ஸ்தாபனத்தை அமைத்தார் பணிக்கர் என்பதை நாம் ரசிக்கிறோம். 1967-இல் உத்தியோகத்திலிருந்து விலகி அவரும் கிராமத்திற்கே வந்துவிட்டார்.

பாத்திக் ஜாவாத் தீவின் தொழில், அது எப்படிச் சுதேசியாகும் என்று ஓர் ஆக்ஷேபணை எழலாம். மெழுகினால் மறைத்துச் சாயம் ஏற்றும் வித்தை இந்தக் கரைக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் துணியில் சித்திரம் தீட்டிய கைவினைஞர்கள், நீலச் சாயம் ஏற்றும்போது மற்ற இடங்களை மெழுகினால்தான் மூடினார்கள். அந்தத் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் இந்தக் கரையின் துணி வியாபாரத்துக்காகவே. மேனாட்டார் அவற்றின்மீது கொண்ட மோகம் எவ்வளவு என்றால், தங்கள் நெசவாளர் பிழைக்க வேண்டுமென்று பிரான்ஸ் தேசம் 1686-இல் அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது. ஒரு தேசத்தின் சித்திரத்தை வேறொரு தேசம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அதைவிடப் பெரிய கண்காட்சி எது? ஆனால் அந்தத் துணிகளில் கைவைத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரிப் பாறையிலாவது சில தச்சர்கள் தங்கள் பெயரைப் பொறித்து வைத்தார்கள். துணிக்காரருக்கு அதுவும் இல்லை. இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பின், அதே கரையில், அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு, இந்த முறை தங்கள் பெயருக்கு ஓர் இடம் சம்பாதித்தார்கள் இஞ்சம்பாக்கத்துக்காரர்கள்.

பெயர் என்றதும் ஒரு சிறு வழக்கு. செங்கற்பட்டு தொண்டை மண்டலமாயிற்றே, அங்கே போய்ச் சோழமண்டலம் என்று பெயர் வைக்கலாமா என்று சரித்திரம் படித்த வாசகர்கள் பிராது கொடுக்கக்கூடும். சோழர் காலத்தில் தொண்டை மண்டலத்துக்கே ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்றுதான் பெயர். ஆகையால் பிராது தள்ளுபடி. இஞ்சம்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதையும் செங்கற்பட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மணலிலிருந்து புறப்பட்டவர்கள் எங்கெங்கோ போனார்கள். கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீ விசுவநாதன் 1968-இல் பாரிஸ் சென்று அங்கேயே வாசம் செய்யலானார். பணிக்கருடைய குமாரர் ஸ்ரீ நந்தகோபால், லயோலா கலாசாலையில் பௌதிகம் படித்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர். பித்தளையையும் செம்பையும் பற்றவைத்து, கோயில் திருவாசியைப் போல முன்பக்கம் மட்டும் நோக்கும்படியான சிற்பங்களைச் செய்து தேசத்துக்கு உள்ளேயும் வெளியேயும் காட்சிக்கு வைத்தார். தகப்பனாருக்குப் பின் கிராமத்தைக் கட்டிக்காத்தவரும் அவரே. 2017-இல் காலமானார். ஸ்ரீ ஜானகிராம், ஸ்ரீ சுல்தான் அலி, ஸ்ரீ ரெட்டப்ப நாயுடு என்று இன்னும் பலர். எல்லாரையும் பற்றி எழுத இடமில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி எழுதாமலிருக்க மனமில்லை. ஸ்ரீ கே. ராமானுஜம் என்றொரு பிள்ளை அந்தக் கிராமத்தில் இருந்தான். பேச்சு எளிதில் வராது, உலகத்தோடு ஒட்டாது. பணிக்கர் அவனைக் கண்டெடுத்துப் பக்கத்தில் வைத்துக் காத்தார். மைப்பேனாவினால் அவன் வரைந்த உலகத்தில் மாளிகைகளும், கோபுரங்களும், சர்ப்பங்களும், பறக்கும் உருவங்களும் நெருக்கமாகக் கூடியிருக்கும். அவற்றின் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதன் திரும்பத் திரும்ப வருகிறான். அந்த மனிதன் ராமானுஜமே. நிஜ உலகத்தில் எந்த வாசலும் திறக்காதவனுக்கு அங்கே எல்லா வாசல்களும் திறந்திருந்தன. 1973-இல், முப்பது வயது கடந்த சிறிது காலத்தில், அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். பின்னாளில் அவன் படங்களுக்கு ஏலக் கடைகளில் போட்டி ஏற்பட்டது. கிராமத்தில் அவனுக்குச் சோறும் கூரையும் தாளும் மையும் கிடைத்தன. அந்த அளவில் சோழமண்டலம் செய்த உபகாரம் பெரிது. நகரத்திலிருந்து அவனைத் தேடிக்கொண்டு போய், “தம்பி, இந்தப் படம் நன்றாயிருக்கிறது” என்று தமிழில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

இங்கே பிரதிவாதியின் தரப்பையும் சொல்ல வேண்டும். தமிழர்கள் பார்க்கவில்லையென்றால், தமிழர்களுக்கு யார் காட்டினார்கள்? பணிக்கரும் நண்பர்களும் 1960-களில் நடத்திய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்னும் பத்திரிகை இங்கிலீஷில் வந்தது. கண்காட்சிக்கு அச்சிட்ட விவரப் புஸ்தகங்கள் இங்கிலீஷ். விமர்சனங்கள் இங்கிலீஷ். பல பாஷைக்காரர் கூடி வாழ்ந்த இடமாகையால் இங்கிலீஷ் பொதுவாயிற்று என்று சமாதானம் சொல்லலாம். நாமும் கோர்ட்டில் அதையே செய்து வயிறு வளர்த்தவர்தாம். ஆனால் மதராஸின் மாணாக்கர்களிலேயே வேறு வழி கண்டவர் ஒருவர் இருந்தார். திருச்சி ஜில்லாவின் கீராம்பூர்க் கிராமத்திலிருந்து வந்து அதே சித்திரப் பள்ளியில் பயின்ற ஸ்ரீ ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி மைக்கோடுகளால் நூறு காந்தி சித்திரங்கள் வரைந்தார். அதோடு நில்லாமல், தமிழ்ச் சிறு பத்திரிகைகளுக்கு மேலட்டை போட்டார், ஸ்ரீ கி. ராஜநாராயணனுடைய கதைகளுக்குக் கோட்டுச் சித்திரம் வரைந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தார். சித்திரக் கண்காட்சி எது என்று அறியாத எத்தனையோ பேர் ஆதிமூலத்தின் கோட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள். சுவரில் மாட்டினால்தான் கண்காட்சி என்று சட்டமா என்ன? ஆகவே, தமிழர்களுக்கு நவீன சித்திரம் விளங்காது என்ற வாதம் நிற்காது.

பணிக்கர் 1977-ஆம் வருஷம் ஜனவரியில் காலமானார். திருவனந்தபுரத்தில் மியூஸிய வளாகத்திலே அவர் பெயராலேயே தனியாக ஒரு சித்திரசாலை இருக்கிறது. அவரை மலையாளத்தார் தம்மவர் என்று கொண்டாடுவது நியாயமே. அதற்காக அவர்களை வாழ்த்துகிறோம். அவர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் படித்தும் படிப்பித்தும் கழித்த சென்னையில், சர்க்கார் செலவில், அவருடைய முக்கியமான படங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே காணத்தக்க இடம் இருக்கிறதா? இஞ்சம்பாக்கத்தில் 2009-இல் திறந்த காட்சிசாலை சித்திரகாரர்கள் தாமே முயன்று அமைத்தது. அதுவும் இல்லாவிட்டால் மதராஸ் இயக்கம் என்று ஒன்று இருந்ததற்கே நம் பக்கத்தில் சாட்சியம் இராது.

நம்முடன் வந்த தேசத் தொண்டர் திரும்பும்போது சொன்னார்: “குடிக்கத் தண்ணீரில்லாத ஊர்கள் ஆயிரம் இருக்க, சித்திரத்துக்கு என்ன அவசரம்?” இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தொண்டரிடமே ஒரு கேள்வி கேட்டோம். ஒரு முப்பது பேர் சொந்த உழைப்பில் நிலம் வாங்கி, எஜமானன் இல்லாமல், பகிர்ந்து உழைத்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஊரை நடத்திக் காட்டினார்கள். நீங்கள் மேடைக்கு மேடை பேசுகிற சுயசார்பு என்பது இதுதானே. இதைப் போல இன்னொன்றை நம் தாலூகாவில் காட்டுவீர்களா? அவர் சற்று யோசித்துவிட்டு, “நெசவாளர் சங்கம் ஒன்று தொடங்கினோம், மூன்றாம் வருஷம் சண்டையில் கலைந்தது” என்றார். இவர்களுக்குள்ளும் சண்டை இல்லாமல் இருந்திருக்காது. நிலத்தின் விலை ஏறி, சாலை அகன்று, சுற்றிலும் மாளிகைகள் எழுந்த பிறகும் மனைகளை விற்றுக்கொண்டு போகாமல் கிராமம் கிராமமாகவே நிற்கிறது. அதைத்தான் நாம் கணக்கில் வைத்துக்கொள்கிறோம்.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பள்ளியில் பயின்றவர்கள் கடல் கடந்து கோயில் கட்டப் போகிறார்கள். அவர்களுக்குப் பாரிஸ் நற்சாட்சி வேண்டுமென்று நம்மவர் எவரும் கேட்பதில்லை. விக்கிரகம் நன்றாயிருக்கிறதா இல்லையா என்று நம் கண்ணே சொல்லிவிடுகிறது. ஏனெனில் பிள்ளைப் பிராயம் முதல் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆகையால் நமது கோரிக்கை சிறியது. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எத்தனையோ பஸ்கள் ஐந்து ரதம் பார்க்க இந்தச் சாலையில் போகின்றன. உபாத்தியாயர்கள் இஞ்சம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் அவற்றை நிறுத்த வேண்டும். போகுமுன் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. கணக்கு நோட்டுப் புஸ்தகத்தின் கதையை மட்டும் சொன்னால் போதும். காட்சிசாலையாரும் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் நாலு வரி நல்ல தமிழில் எழுதி வைக்கட்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், இந்தக் காரியாலயத்தில் கூலியின்றி எழுதித் தர ஒருவர் இருக்கிறார்.